எந்தக் கடலில் நீர்மூழ்கி போரை மாற்றியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர் நூலகத்தில் கடற்போர் வரலாறு பற்றி அவ்வப்போது பேசுகிறேன். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

நீர்மூழ்கி எதுக்கு சரக்குக் கப்பலை அடிக்கணும்? போர்க்கப்பலை அடிச்சா போதாதா?

பிரிட்டனும் ஜப்பானும் தீவு நாடுகள். பிரிட்டனுக்குக் கோதுமை, இறைச்சி, இரும்புத் தாது, பெட்ரோல் எல்லாம் கடல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஜப்பானுக்கு எண்ணெய், ரப்பர், பாக்சைட், அரிசி அப்படித்தான். ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்தால் ஒரு கடற்படைக்கு நஷ்டம். வரிசையாகச் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தால் தொழிற்சாலை நிற்கும், விமானம் பறக்காது, ரேஷன் குறையும்.

அதோடு, சரக்குக் கப்பல் மெதுவாகப் போகும், அதில் ஆயுதமும் பெரிதாக இருக்காது. அந்தக் கால நீர்மூழ்கி தண்ணீருக்கு அடியில் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் நெடுநேரம் நகர முடியும். வேகமாக ஓடும் போர்க்கப்பலைத் துரத்திப் பிடிப்பது அதற்கு அபூர்வமாகத்தான் கைகூடும்.

"இத்தனை லட்சம் டன் மூழ்கடித்தார்கள்" என்று போடுகிறார்களே, அது சரக்கோட எடையா?

இல்லை, எடையே இல்லை. அது கப்பலின் உள் கொள்ளளவு. 100 கன அடி இடம் ஒரு டன் என்று கணக்கு. அமெரிக்கா போரின்போது கட்டிக் குவித்த லிபர்ட்டி கப்பல் இந்தக் கணக்கில் சுமார் 7,000 டன். ஆனால் அதில் ஏற்றக்கூடிய எடையோ 10,000 டன்னுக்கு மேல். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்த ஒப்பீடும் தப்பாகிவிடும். இந்தப் பக்கத்தில் மூழ்கிய சரக்குக் கப்பல்களுக்கு "டன்" என்று வரும் இடமெல்லாம் கொள்ளளவுதான்.

இன்னொன்று. கேப்டன்கள் பெரிஸ்கோப்பில் பார்த்துச் சொன்ன கணக்கை அப்படியே நம்ப முடியாது. அமெரிக்க நீர்மூழ்கிகள் போர்க்காலத்தில் சுமார் 1 கோடி டன் மூழ்கடித்ததாகச் சொன்னார்கள். போருக்குப் பிறகு ஜப்பானிய ஆவணங்களோடு ஒத்துப் பார்த்த கூட்டுக் குழு, போர்க்கப்பல்களையும் சேர்த்து 53 லட்சம் டன் என்றுதான் ஒப்புக்கொண்டது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. வெடிச் சத்தம் கேட்டதும் ஆழத்துக்குப் போய் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பவனால், கப்பல் மூழ்கியதா என்று எழும்பிப் பார்க்க முடியாது.

மெட்ராஸ் மேல குண்டு போட்ட எம்டன் நீர்மூழ்கிதானே?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. எம்டன் நீர்மூழ்கி அல்ல. கடல் மேல் ஓடும் ஜெர்மன் இலகு ரகப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தை நெருங்கி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை ஒழித்துக்கட்டியது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து அடித்துவிட்டு மறைந்ததால் நீர்மூழ்கி என்ற நினைப்பு ஒட்டிக்கொண்டது. கெட்டிக்காரனை "சரியான எம்டன்" என்று சொல்லும் வழக்கமும் அந்த ராத்திரியின் மிச்சம்தான்.

அட்லாண்டிக்லதான் அதிகக் கப்பல் மூழ்கிச்சு. அப்போ ஜெர்மனிதானே பெரிய வெற்றி?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். எண்ணிக்கையில் ஜெர்மனி முன்னால் நிற்பது உண்மை. இரண்டாம் உலகப் போரில் யு-படகுகள் என்று அழைக்கப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகள் எல்லாக் கடல்களிலும் சேர்த்து ஏறக்குறைய 2,800 சரக்குக் கப்பல்களை, சுமார் 1.4 கோடி டன்னை மூழ்கடித்தன. அமெரிக்க நீர்மூழ்கிகள் மூழ்கடித்த ஜப்பானிய வணிகக் கப்பல்கள் 1,100 சொச்சம், சுமார் 48 லட்சம் டன். மூன்றில் ஒரு பங்குதான்.

ஆனால் கிணற்றில் இறைப்பதை மட்டும் பார்த்தால் போதுமா? ஊறுவதையும் பார்க்க வேண்டும். பிரிட்டன் பக்கம் உலகின் மிகப் பெரிய வணிகக் கப்பல் கூட்டம் இருந்தது. பின்னால் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்கள் இருந்தன. லிபர்ட்டி கப்பல் மட்டும் 2,710 கட்டினார்கள். அதில் ஒன்றான ராபர்ட் இ. பியரியை 1942 நவம்பரில் ஐந்து நாளுக்குள் கட்டி நீரில் இறக்கினார்கள். விளம்பரத்துக்காகச் செய்தது என்றாலும், செய்ய முடிந்தது என்பதே பெரிய விஷயம். 1943 முதல் மூழ்குவதைவிடக் கட்டுவது அதிகம். பிரிட்டனின் உலர் சரக்கு இறக்குமதி 1942ல் சுமார் 2.3 கோடி டன் எடைக்கு இறங்கியது. போருக்கு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே. கஷ்டப்பட்டார்கள், ஆனால் பட்டினி கிடக்கவில்லை.

ஜப்பான் போரைத் தொடங்கியபோது அதனிடம் இருந்ததே சுமார் 60 லட்சம் டன். போர் முடிந்தபோது மிஞ்சியது 20 லட்சத்துக்கும் கீழே. அந்த இழப்பில் பாதிக்கு மேல் நீர்மூழ்கிகளின் கணக்கு. அங்கே கிணறு வற்றியது. கொடுத்த விலையையும் பாருங்கள்: ஜெர்மனி 750க்கும் மேற்பட்ட யு-படகுகளை இழந்தது, அமெரிக்கா எல்லாக் காரணங்களாலும் சேர்த்து 52. ஒரு படகை இழப்பதற்குள் ஜெர்மனி சராசரியாக 20,000 டன்கூட மூழ்கடிக்கவில்லை. பசிபிக்கில் அது 90,000 டன்னைத் தாண்டுகிறது.

அப்போ ஜெர்மனி ஜெயிக்கிற நிலைமைக்கு வரவே இல்லையா?

வந்தது. ஆனால் என் கணக்கில் அது முதல் உலகப் போரில். 1917 பிப்ரவரி 1 முதல் எச்சரிக்கையே இல்லாமல் எந்தக் கப்பலையும் தாக்கலாம் என்று ஜெர்மனி அறிவித்தது. அந்த ஏப்ரலில் மட்டும் 8.5 லட்சம் டன்னுக்கு மேல் கடலுக்குள் போனது. பிரிட்டனிலிருந்து தூரக் கடலுக்குப் புறப்பட்ட நான்கு கப்பல்களில் ஒன்று திரும்பவில்லை. அப்போது லிபர்ட்டி கப்பல்கள் கிடையாது, ரேடார் கிடையாது.

ஆனால் அதே முடிவுதான் 1917 ஏப்ரல் 6ல் அமெரிக்காவைப் போருக்குள் இழுத்துவந்தது. பிரிட்டனும், சரக்குக் கப்பல்கள் காவலோடு கூட்டமாகப் போகும் கான்வாய் முறைக்கு மாறியது. ஒரு கடலில் கிடைத்த ஆதாயத்துக்காக ஜெர்மனி முழுப் போரையே பணயம் வைத்துத் தோற்றது. ஆகவே எத்தனை டன் என்று பார்க்கும்போது, அந்தத் தாக்குதல் எந்தப் புதிய எதிரியைக் கொண்டுவந்தது என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

கப்பலெல்லாம் கூட்டமாப் போனா சுலபமா மாட்டிக்காதா?

1917ல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையே இப்படித்தான் நினைத்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கடல் அவ்வளவு பெரியது. நாற்பது கப்பல்கள் தனித்தனியாகப் போனால், நீர்மூழ்கி எங்கே காத்திருந்தாலும் நாற்பதில் ஏதாவது ஒன்று கண்ணில் படும். நாற்பதும் ஒன்றாகப் போனால் அதை விட்டால் கடல் முழுக்கக் காலி. பெரும்பாலான கான்வாய்களை யு-படகுகள் பார்க்கவே இல்லை.

பார்த்தாலும், அடித்த இடத்தில் காவல் கப்பல்கள் இருக்கும். 1942ன் முதல் பாதியில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் கான்வாய் இல்லாமல், ஊர் விளக்குகளைக்கூட அணைக்காமல் கப்பல்கள் தனியாகப் போய்க்கொண்டிருந்தன. கரை விளக்கொளியில் கப்பலின் உருவம் கறுப்பாகத் தெரியும். யு-படகுக்காரர்களுக்கு அது கொண்டாட்டம். முதலில் அனுப்பியது ஐந்தே படகுகள். கான்வாய் அமைத்ததும் வேட்டை முடிந்து வேறு கடலுக்கு நகர்ந்துவிட்டார்கள்.

1943 மார்ச்ல ஜெர்மனி அடிச்சு நொறுக்கிச்சு, மே மாசம் ஓடிப்போச்சு. ரெண்டு மாசத்துல என்ன மாறிச்சு?

மார்ச் நடுவில் எச்எக்ஸ் 229, எஸ்சி 122 என்ற இரண்டு கான்வாய்களைச் சுமார் 40 படகுகள் சூழ்ந்து 22 கப்பல்களை மூழ்கடித்தன. ஒரே ஒரு யு-படகுதான் போனது. மே மாதத்தில் எஸ்சி 130 கான்வாய் அதே கடலைக் கடந்தபோது ஒரு சரக்குக் கப்பல்கூட மூழ்கவில்லை, யு-படகுகள்தான் மூழ்கின. யு-954ல் இருந்த ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்சின் மகன் பீட்டரும் அப்போது இறந்தார். அந்த மாதம் மொத்தம் 41 படகுகள் அழிந்தன. மே 24ல் டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து படகுகளை விலக்கினார்.

ஒரே மந்திரம் எதுவும் இல்லை. நடுக்கடல் வரை போய்த் திரும்பும் லிபரேட்டர் விமானங்கள், கான்வாயோடு கூடவே வரும் சின்ன விமானந்தாங்கிகள், இருட்டிலும் படகைக் காட்டும் குறுஅலை ரேடார், ஜெர்மன் ரேடியோ எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டும் கருவி, ஜெர்மன் செய்திகளின் எனிக்மா சங்கேதத்தை உடைத்தது, இவை எல்லாம் ஒரே சமயத்தில் போதுமான அளவு வந்து சேர்ந்தன.

எனிக்மா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரியிலிருந்து பத்து மாதம் பிரிட்டனால் யு-படகுச் செய்திகளைப் படிக்க முடியவில்லை. அக்டோபர் 30 அன்று எகிப்துக் கடற்கரைக்கு அப்பால் யு-559ஐ மேலே வரவைத்தார்கள். நாசகாரிக் கப்பல் பெட்டார்டிலிருந்து ஃபாசன் என்ற அதிகாரியும் கிரேசியர் என்ற மாலுமியும் நீந்திப் போய், மூழ்கிக்கொண்டிருந்த அந்தப் படகுக்குள் இறங்கி, சங்கேதப் புத்தகங்களை எடுத்து மேலே கொடுத்தார்கள். படகு திடீரென அமிழ்ந்தது. இருவரும் வெளியே வரவில்லை. அந்தப் புத்தகங்களால்தான் டிசம்பரில் மறுபடி படிக்க முடிந்தது. அட்லாண்டிக்கின் தலையெழுத்தில் ஒரு பகுதி மத்தியதரைக் கடலில் எழுதப்பட்டது.

அமெரிக்க டார்பிடோ வெடிக்கவே இல்லைன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். டார்பிடோ என்பது நீருக்கடியில் ஓடிக் கப்பலில் வெடிக்கும் ஆயுதம். அமெரிக்கர்களின் மார்க் 14 டார்பிடோவில் மூன்று குறைகள். அமைத்த ஆழத்தைவிடப் பத்து அடி கீழே ஓடியது. கப்பலின் காந்தப் புலத்தை உணர்ந்து வெடிக்க வேண்டிய கருவி சரியாக வேலை செய்யவில்லை. நேராக மோதினால் வெடிமுள் நசுங்கிச் சிக்கிக்கொண்டது. ஒரு குறையைச் சரிசெய்தால்தான் அடுத்தது தெரியும் என்பதால் கண்டுபிடிக்கவே ஏறக்குறைய இரண்டு வருடம் ஆயிற்று. முதல் குறையைக் கண்டுபிடித்த விதம் எளிமையானது. ஆஸ்திரேலியாவில் ஆல்பனி அருகே கடலில் மீன் வலை கட்டி அதில் டார்பிடோவை விட்டார்கள். வலையில் ஓட்டை எந்த ஆழத்தில் என்று அளந்தார்கள். அவ்வளவுதான்.

1943 ஜூலை 24 அன்று டினோசா என்ற நீர்மூழ்கி, டோனான் மாரு 3 என்ற பெரிய எண்ணெய்க் கப்பலைப் பிடித்தது. ஆரம்பத்தில் சாய்வாக மோதியவற்றில் இரண்டு வெடித்துக் கப்பல் நின்றுவிட்டது. கேப்டன் டாஸ்பிட் பாடப் புத்தகத்தில் இருப்பது போலச் செங்குத்தான கோணத்துக்கு வந்து, நின்ற கப்பலை ஒவ்வொன்றாக அடித்தார். ஒன்பது விட்டார். ஒன்பதும் மோதின. ஒன்றும் வெடிக்கவில்லை. கடைசி ஒன்றைச் சுடாமல், ஆராய்ந்து பார்க்கச் சொல்லி பெர்ல் ஹார்பருக்கே திருப்பி எடுத்துப் போனார். கஹோலாவே தீவின் பாறைச் சுவரில் டார்பிடோக்களை மோதவிட்டும், உயரத்திலிருந்து இரும்புத் தகட்டில் போட்டும் சோதித்து, அந்த ஆண்டு முடிவதற்குள் சரிசெய்தார்கள். எந்திரத்தோடு காலம் கழித்தவன் என்ற முறையில் டாஸ்பிட் மேல் எனக்குப் பெரிய மரியாதை. கோபத்தில் அதையும் சுட்டுத் தீர்க்காமல், ஆதாரத்தைக் காப்பாற்றினார்.

ஜப்பான்காரன் கெட்டிக்காரன். கான்வாய் வைக்கத் தெரியாதா?

தெரியும், ஆனால் அதை மதிக்கவில்லை. பெரிய போர்க்கப்பல்கள் மோதும் ஒரே தீர்மானமான சண்டையில் போர் முடிந்துவிடும் என்று அவர்கள் கடற்படை நம்பியது. சரக்குக் கப்பலுக்குக் காவல் போவது இரண்டாந்தர வேலை. காவலுக்கென்று தனித் தலைமையகம் அமைத்ததே 1943 நவம்பரில். அதற்குள் அமெரிக்க டார்பிடோ சரியாகிவிட்டது, ஜப்பானிய வணிகக் கப்பல்களின் சங்கேதமும் உடைபட்டிருந்தது. நண்பகலில் கான்வாய் எந்த இடத்தில் இருக்கும் என்று ஜப்பானியர் ரேடியோவில் சொல்வார்கள். அது அமெரிக்கர் காதுக்கும் போகும்.

அவர்களுடைய சொந்த நீர்மூழ்கிகளும் இதே எண்ணத்தால் வீணாயின. டார்பிடோ உலகத்திலேயே நல்ல ரகம். 1942 செப்டம்பர் 15 அன்று ஐ-19 ஒரே தடவையில் விட்ட ஆறில், விமானந்தாங்கி வாஸ்ப் மூழ்கியது, வேறு இரண்டு போர்க்கப்பல்களும் அடிபட்டன. ஆனால் அமெரிக்காவிலிருந்து பசிபிக் முழுக்க நீண்ட விநியோகப் பாதையை அவை தொடர்ந்து குறிவைக்கவே இல்லை. பின்னால் அந்தப் படகுகளையே, துண்டிக்கப்பட்ட தீவுகளுக்கு அரிசி மூட்டை சுமக்க வைத்தார்கள்.

மத்தியதரைக் கடல் சின்னது. அங்க நீர்மூழ்கியால என்ன பிரயோஜனம்?

அங்கே எல்லாரும் எல்லாரையும் வேட்டையாடினார்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும். ஆழத்தில் போகும் படகும் விமானத்திலிருந்து நிழலாகத் தெரியும். பிரிட்டன் அங்கே 45 நீர்மூழ்கிகளை இழந்தது. ஜெர்மனி ஜிப்ரால்டர் வழியாக 62 யு-படகுகளை உள்ளே அனுப்பியது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

மால்டாவில் இருந்த சிறிய பிரிட்டிஷ் படகுகள்தான் ஜெர்மன் தளபதி ரோமலின் படைக்கு லிபியா போகும் கப்பல்களை மறித்தன. 1942ன் தொடக்கத்தில் குண்டுவீச்சு கடுமையானபோது, துறைமுகத்திலேயே பகல் முழுக்க அடியில் படுத்துக் கிடந்து, இரவில் எழும்பிப் பழுது பார்த்தார்கள். இத்தனைக்குப் பிறகும் லிபியாவுக்கு அனுப்பிய சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்ச் சேர்ந்தது. அதனால் இது பசிபிக் மாதிரி கழுத்தை நெரித்த கடல் அல்ல. முக்கியமான நேரத்தில் ஒரு பெட்ரோல் கப்பலைத் தடுத்ததுதான் இதன் பலன். அதில் விமானங்களுக்கும் பாதி பங்கு.

பால்டிக் கடல்ல ரஷ்யா ஒரே கப்பல்ல ஆயிரக்கணக்கான பேரை மூழ்கடிச்சதாமே?

ஆமாம். 1945 ஜனவரி 30 அன்று எஸ்-13 என்ற சோவியத் நீர்மூழ்கி, வில்ஹெல்ம் குஸ்ட்லோஃப் கப்பலை அடித்தது. பெரும்பாலும் அகதிகள்; இறந்தவர்கள் சுமார் 9,000 என்று மதிப்பிடுகிறார்கள். ஆனாலும் ஜெர்மனி அந்தக் கடல் வழியாக இருபது லட்சம் பேர் வரை வெளியேற்றியது, அது நிற்கவில்லை. அதற்கு முன் 1943 முழுக்க பின்லாந்து வளைகுடாவின் குறுக்கே எஃகு வலை கட்டிச் சோவியத் படகுகளை அடைத்தே வைத்திருந்தார்கள். மனிதச் சாவு மிக அதிகம், போரின் போக்கில் மாற்றம் மிகக் குறைவு.

நம்ம இந்தியப் பெருங்கடல்ல எதுவும் நடக்கலையா?

நடந்தது. 1942 ஜூன், ஜூலையில் ஜப்பானியப் படகுகள் மொசாம்பிக் கால்வாயில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களை மூழ்கடித்தன. 1943 முதல் பினாங்கில் ஜெர்மன் யு-படகுகளும் வந்து தங்கின. ஐரோப்பாவிலிருந்து கிளம்பியவற்றில் பல வழியிலேயே அழிந்தன. வந்த சிலவற்றுக்கும் உதிரி பாகம், டார்பிடோ எல்லாம் தட்டுப்பாடு. எண்ணிக்கை குறைவு, கடல் பெரிது. போரின் போக்கை இந்தக் கடல் மாற்றவில்லை.

ஆனால் மனிதக் கதைகள் இங்கே கனமானவை. 1942 நவம்பர் 23 அன்று பம்பாயிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா போய்க்கொண்டிருந்த டிலாவா பயணிகள் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 மூழ்கடித்தது. 280 பேர் இறந்தார்கள், பலர் இந்தியக் குடும்பங்கள். அதே ஐ-29தான் அடுத்த ஏப்ரலில் மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் காத்திருந்து, ஜெர்மன் யு-180லிருந்து ரப்பர் படகில் வந்த சுபாஷ் சந்திர போஸை ஏற்றிக்கொண்டு சபாங் தீவுக்குக் கொண்டுபோனது. மலாயாத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்த படைக்குத் தலைவர் வந்து சேர்ந்தது இப்படித்தான். ஒரே படகு, ஐந்து மாத இடைவெளி.

1944 பிப்ரவரி 12ல் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெதிவ் இஸ்மாயில் கப்பலை ஐ-27 அடித்தது. இரண்டு நிமிடத்தில் மூழ்கி 1,297 பேர் இறந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்க வீரர்களும் செவிலியர்களும் அதில் நிறைய. தண்ணீரில் உயிரோடு மிதந்தவர்களுக்கு அடியில் நீர்மூழ்கி ஒளிந்திருந்தது. காவலுக்கு வந்த கப்பல்கள் அந்த இடத்திலேயே ஆழ்வெடிகள் போட்டன. போட்ட கப்பல்களில் ஒன்று, மேலே சொன்ன அதே பெட்டார்ட்.

ஜப்பானை வீழ்த்தினது அணுகுண்டா, நீர்மூழ்கியா?

சரணடையும் முடிவை அந்த ஆகஸ்டில் எடுக்க வைத்தது குண்டுகளும் சோவியத் படையெடுப்பும். ஆனால் அதற்கு முன்பே நாடு முடங்கியிருந்தது. 1945 மார்ச்சுக்குப் பிறகு தெற்கிலிருந்து ஜப்பானுக்கு எண்ணெய் வருவது நின்றே போனது. விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் பெட்ரோல் இல்லை. இதைச் செய்த நீர்மூழ்கிப் படை, அமெரிக்கக் கடற்படை ஆட்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. கடைசி மாதங்களில் பி-29 விமானங்கள் துறைமுக வாய்களில் தூவிய கண்ணிவெடிகளும் இதில் சேர்த்தி. நீர்மூழ்கி தனியாக வென்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உலகில் ஏதாவது ஒரு கடலில் நீர்மூழ்கி நினைத்ததைச் சாதித்தது என்றால் அது இங்கேதான்.

ஜெர்மனி செஞ்சா குற்றம், அமெரிக்கா செஞ்சா வீரமா?

நியாயமான கேள்வி, போருக்குப் பிறகு ஜெர்மன் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்திலேயே வந்தது. டோனிட்சின் வக்கீல் அமெரிக்கத் தளபதி நிமிட்ஸிடம் எழுத்து மூலம் கேட்டார். பசிபிக்கில் போரின் முதல் நாளிலிருந்தே எச்சரிக்கையில்லாமல் தாக்கினோம் என்று நிமிட்ஸ் ஒளிக்காமல் பதில் எழுதினார். டோனிட்சுக்குப் பத்து வருடச் சிறை கிடைத்தது. ஆனால் நீர்மூழ்கிப் போர் விதிகளை மீறியதற்காக அந்தத் தண்டனையை அளக்கவில்லை என்று தீர்ப்பே சொல்கிறது. என் அபிப்பிராயம்: இரண்டு பக்கமும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள், இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டும்.

எல்லாம் சரி, செத்தது யாரு?

யு-படகுகளில் போன சுமார் 40,000 பேரில் முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை. அமெரிக்க நீர்மூழ்கிகளில் 3,500 பேர். நீருக்கு மேலே இருந்தவர்கள் இன்னும் அதிகம். 1944 செப்டம்பரில் சுமத்ரா அருகே பிரிட்டிஷ் நீர்மூழ்கி அடித்த ஜுன்யோ மாருவில் 5,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் கூட்டுப்படைக் கைதிகளும் ஜாவாவின் கட்டாயத் தொழிலாளிகளும். அதே மாதம் ராகுயோ மாருவில் மூழ்கியவர்கள் பர்மா ரயில் பாதையில் உழைத்த கைதிகள். ஆயிரக்கணக்கான மலாயாத் தமிழர்கள் மாண்ட அதே பாதைதான் அது. அங்கே பிழைத்து வந்து, தங்கள் பக்கத்து டார்பிடோவால் இறந்தார்கள்.

பிரிட்டிஷ் கப்பல்களின் எஞ்சின் அறையில் கரி அள்ளியவர்களில் ஏராளமானோர் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்தியக் கடலோடிகள். நீராவிக் கப்பலில் டார்பிடோ பெரும்பாலும் நடுப்பகுதியில் அடிக்கும், அங்கேதான் கொதிகலன். ஏணி ஒன்றுதான், வெள்ளம் வரும் வேகத்துக்கு ஏற முடியாது. நான் இருந்த கப்பல்களில் பயிற்சி மணி அடிக்கும்போதெல்லாம் அந்த ஏணியைத்தான் பார்ப்பேன். அந்தப் போரில் கடலில் இறந்து, கல்லறை இல்லாமல் போன 6,000க்கும் மேற்பட்ட இந்தியக் கடலோடிகளின் பெயர்கள் ஒரு பெரிய பதிவேட்டில் இருக்கின்றன. ஒரு பிரதி மும்பையில், இன்னொன்று சிட்டகாங்கில்.